கையெழுத்துக்கு முன்னால் முழங்கால் போடச் சொன்ன அம்மா

தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 41, அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியர். மனைவி, இரண்டு பிள்ளைகள், கூடவே அம்மா. அடையாளம் தெரியக்கூடிய எல்லாவற்றையும் எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

இவருடைய தங்கையின் கணவர் உப்பைப் பாக்கெட் போட்டு விற்கும் யூனிட் நடத்துகிறார். அதைப் பெரிதாக்க 45 லட்ச ரூபாய் வங்கிக் கடன் கேட்டிருக்கிறார். அதற்கு நம் வாசகர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும், அப்பா கட்டிய வீட்டையும் அடமானமாகக் கொடுக்க வேண்டும். "சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான் சார்" என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம். போன வருடம் தங்கையின் நகைகள் அடகுக்குப் போயின, இன்னும் திரும்பவில்லை. மாப்பிள்ளை எடுத்த ஒரு சீட்டுக்குப் பாக்கி நிற்கிறது. மனைவிக்குத் துளிகூட இஷ்டமில்லை. அம்மா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாராம்: "போடுறதுக்கு முன்னாடி முழங்கால் போடுப்பா. போட்ட பிறகு போடாத." மண்டியிட்டு ஜெபம் செய் என்பதைத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார்.

அப்புறம் அவர் எழுதியிருப்பதை அவர் வார்த்தையிலேயே தருகிறேன்: "நான் பெரிய பக்திமான் இல்லை மேடம். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் விட்டால் கோயில் பக்கம் போவதில்லை. ஆனால் நாலு வருடத்துக்கு முன்னால் அப்பா பதினொரு நாள் ஐ.சி.யு.வில் கிடந்தபோது, அந்த வராந்தாவில் தரையில் உட்கார்ந்து ஜெபித்தேன். பிழைத்தால் ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருவேன், வீட்டில் குடும்ப ஜெபம் வைப்பேன் என்று பொருத்தனை செய்தேன். கடவுள் கேட்டார், அப்பா அதற்குப் பிறகு இரண்டு வருடம் எங்களோடு இருந்தார். இந்த வருடப் பிறப்பு ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டையில் 'ஆபத்துக்காலத்தில் என்னை நோக்கிக் கூப்பிடு' என்ற வசனம். பைபிளுக்குள் சீட்டு எழுதி வைத்தும் பார்த்தேன், இரண்டு தடவையும் 'போடு' என்றே வந்தது. அப்படியே ஆபத்து வந்தாலும் அன்று கேட்டவர் இன்றும் கேட்பார்தானே?"

கையெழுத்து 20-ஆம் தேதி. பத்திரங்களை 'லீகல் ஒப்பீனியனுக்கு' என்று மாப்பிள்ளை ஏற்கெனவே வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

அன்புள்ள தம்பி,

முதலில் ஒன்று. நீங்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எழுதியிருக்கிறீர்கள். என் முப்பது வருட வக்கீல் தொழிலில் ஜாமீன் விஷயமாக அப்படி வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்ற எல்லோரும் நோட்டீஸ் வந்த பிறகு வந்தவர்கள். மஞ்சள் பையில் ரேஷன் கார்டு, பேங்க் புக், கசங்கிய நோட்டீஸ் எல்லாவற்றையும் ஒன்றாகத் திணித்து எடுத்துக்கொண்டு வந்து, "எதுல கையெழுத்து போட்டேன்னு எனக்கே தெரியாதும்மா" என்பார்கள். அந்த நேரத்தில் என்னால் செய்ய முடிந்தது ரொம்பக் கொஞ்சம், அதை ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுச் சொல்லும்போது எனக்கு வயிறு பிசைகிறது. அதனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். சட்டத்தை முதலில் சொல்லிவிட்டு உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். நான் போதகர் இல்லை, ஆனால் நானும் விசுவாசிதான், அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு வெறும் சட்டத்தை எழுதினால் உங்களுக்குப் பதில் சொன்னதாக ஆகாது.

ஃபார்மாலிட்டி என்று ஒன்று கிடையாது

'கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் முதலில் அவரைத்தானே பிடிப்பார்கள், அவரிடம் ஒன்றும் இல்லை என்றான பிறகுதானே என்னிடம் வருவார்கள்' என்று நினைக்கிறீர்கள். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, 128-ஆம் பிரிவு நேர்மாறாகச் சொல்கிறது: ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடன்காரரின் பொறுப்பும் ஒரே அளவு. கடன்காரரை முழுக்கத் துரத்தி முடித்த பிறகுதான் ஜாமீன்தாரரிடம் வரவேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1960-களிலேயே சொல்லிவிட்டது. அப்படிக் காத்திருக்க வேண்டுமானால் ஜாமீன் வாங்குவதற்கே அர்த்தமில்லையே. வங்கியின் பார்வையில் 45 லட்சமும் வட்டியும் நீங்கள் வாங்கிய கடன் மாதிரிதான். உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையிலும் அது ஏறும். நாளைக்கு மகளின் படிப்புக்குக் கடன் கேட்டால் அங்கேயும் இந்தக் கையெழுத்து வந்து நிற்கும்.

தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அதன்பிறகு சர்ஃபாசி சட்டம், 2002-இன் 13(2) பிரிவில் நோட்டீஸ் வரும், 60 நாள் அவகாசம். அதற்குள் கட்டாவிட்டால் நீதிமன்றத்தில் வழக்குப் போடாமலேயே வங்கி வீட்டைச் சுவாதீனம் எடுக்கலாம், ஏலத்துக்கு விடலாம். நீங்கள் அதை எதிர்க்க வேண்டுமானால் 45 நாளுக்குள் மதுரையில் இருக்கிற கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். சுவாதீன அறிவிப்பை வாசல் கேட்டில் ஒட்டுவார்கள், இரண்டு பத்திரிகைகளில் போடுவார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நடந்து போகிற தெருவில் வாத்தியார் வீட்டுக் கேட்டில் அந்தத் தாள் ஒட்டியிருப்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை தம்பி, நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

வீட்டை விற்றும் கடன் தீராவிட்டால் சம்பளத்தில் கை வைக்கலாம். அதில் முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும்தான் சட்டப்படி தொட முடியாதவை. பி.எஃப்., பென்ஷன், கிராஜுவிட்டி மூன்றுக்கும் பாதுகாப்பு உண்டு, அது ஒரு ஆறுதல்.

'பிடிக்காவிட்டால் பாதியில் விலகிக்கொள்ளலாமா' என்று கேட்டிருக்கிறீர்கள். அதே ஒப்பந்தச் சட்டத்தின் 130-ஆம் பிரிவில் தொடர் ஜாமீனை, அதாவது அடுத்தடுத்து கொடுக்கிற கடனுக்கும் சேர்த்து நிற்கிற ஜாமீனை, இனிமேல் கொடுக்கப்போகிற கடனுக்கு மட்டும் நோட்டீஸ் கொடுத்து ரத்து செய்யலாம். ஏற்கெனவே கொடுத்துவிட்ட தொகைக்குப் பொறுப்பு நீங்கள்தான். மாப்பிள்ளை கட்டாமல் நீங்கள் கட்டினால் அதை அவரிடம் வசூலிக்கும் உரிமை 145-ஆம் பிரிவில் இருக்கிறது. இருக்கிறது என்றால், தங்கச்சி புருஷன் மேல் நீங்கள் வழக்குப் போட வேண்டும் என்று அர்த்தம். அம்மா உயிரோடு இருக்கும்போது அதை நீங்கள் செய்யமாட்டீர்கள் என்பது உங்கள் கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது.

வீடு உங்களுடையது மட்டும் இல்லை

இதில் நீங்கள் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. அப்பா உயில் எழுதவில்லை என்கிறீர்கள், பட்டா உங்கள் பெயருக்கு மாறிவிட்டது, அதனால் வீடு உங்களுக்கு என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். பட்டா பெயர் மாறியதால் மட்டும் முழு உரிமை வந்துவிடாது. கிறிஸ்தவக் குடும்பத்தில் உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925 பொருந்தும். அதன்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு, மகன் மகள் என்ற வித்தியாசம் இல்லாமல் சமமாக. நீங்கள் இருவர்தான் பிள்ளைகள் என்பதால் அம்மாவுக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று, தங்கச்சிக்கு ஒன்று. அதனால்தான் மேனேஜர் 'அம்மாவையும் ஒரு கையெழுத்துப் போடச் சொல்லுங்க' என்று சொல்லியிருக்கிறார். நீங்கள் அடகு வைக்கப் போவது அம்மா படுத்துத் தூங்குகிற அறையையும் சேர்த்துத்தான். அவர் பங்கை அவர் சம்மதம் இல்லாமல் யாரும் தொட முடியாது, சம்மதிக்கவேண்டிய கட்டாயமும் அவருக்குக் கிடையாது. இதை அவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

அட்டையில் வந்த வசனம்

இப்போது கடைசிக் கேள்வி. சங்கீதம் 50:15 உங்களுக்கு வந்தது என்கிறீர்கள். தயவுசெய்து பைபிளை எடுத்து அதற்கு முந்தின வசனத்தைப் பாருங்கள். நம் தமிழ் மொழிபெயர்ப்பில் 14-ஆம் வசனம் 'உன் பொருத்தனைகளைச் செலுத்தி' என்று பாதியில் நிற்கும், வாக்கியம் முடியாது. நீங்கள் எல்லாம் படிக்கிற 'கூப்பிடு' அந்த வாக்கியத்தின் பின்பாதி. அட்டையில் இடமில்லாமல் முன்பாதியை விட்டுவிட்டார்கள். ஐ.சி.யு. வராந்தாவில் நீங்கள் பொருத்தனை செய்ததை நீங்களே எனக்கு எழுதியிருக்கிறீர்கள், அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதை எழுதவில்லை. உங்களைக் குற்றம் சொல்ல இதைத் தோண்டவில்லை. உங்களை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார், நீங்கள் அவருக்குத் திரும்பப் பேச ஒரு ஆபத்து வரட்டும் என்று காத்திருக்கிறீர்கள், அதுதான் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது.

நீதிமொழிகள் முதல் அதிகாரத்தில் ஞானம் ஒரு பெண்ணைப்போல வீதியில் நின்று சத்தமிடும். சந்தடியுள்ள தெருவில், பட்டணத்து வாசலில். யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பிறகு ஆபத்து வந்து அவர்கள் கூப்பிடும்போது அவள் பதில் சொல்லமாட்டாள் என்று வரும். சின்ன வயதில் எனக்கு இது ரொம்பக் கொடூரமாகத் தோன்றியது. மன்னிக்கிற கடவுள் எப்படி இப்படிப் பேசுவார் என்று ஞாயிறு பள்ளி டீச்சரிடம் கேட்டேன், அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. எனக்கு அது விளங்கியது எங்கள் வீட்டில் நடந்த ஒன்றால்தான்.

என் அப்பா தையல்காரர். கூட்டாளி ஒருவர் ஒரு நிதி நிறுவனத்தில் வாங்கிய கடனுக்கு ஜாமீன் போட்டார். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது ஒரு காலையில் ஜப்தி செய்ய கோர்ட் ஊழியரான அமீனா வந்தார். சைக்கிள், பீரோ, ரேடியோ என்று ஒவ்வொன்றாக எழுதினார். தையல் மெஷின் பக்கம் வந்தபோது அம்மா அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். அமீனா மெஷினைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், அடுப்பங்கரையில் பாத்திரங்களைப் பார்த்தார், எதையும் எழுதாமல் வெளியே போனார். நல்ல மனுஷன் என்று நாங்கள் வெகு நாள் பேசிக்கொண்டோம். சட்டக் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது, உரிமையியல் நடைமுறைச் சட்டம் 60-ஆம் பிரிவின்படி படுக்கை, சமையல் பாத்திரம், தொழிலாளியின் கருவி மூன்றையும் ஜப்தி செய்ய முடியாது. நீதிமொழிகள் 22-ஆம் அதிகாரத்தில், பிணைப்பட்டவனிடம் கொடுக்க ஒன்றும் இல்லாவிட்டால் அவன் படுத்திருக்கும் படுக்கையையே எடுத்துக்கொண்டு போய்விடுவார்களே என்று இருக்கும். அதைப் படிக்கும்போதெல்லாம் அந்தக் கட்டில்தான் கண்ணுக்குள் வரும். இந்தக் காலத்துச் சட்டம் கட்டிலை விட்டுவைக்கிறது. அடமானம் எழுதிக் கொடுத்த வீட்டை விட்டுவைக்காது.

அன்றிலிருந்து அப்பா தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு ஜெபத்துக்கு உட்கார்ந்தார், கண்மூடும் வரைக்கும். அவரைக் கடவுள் கைவிட்டார் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை, அவர் முகத்தில் இருந்த சமாதானத்தைப் பார்த்தவர்கள் யாரும் நினைக்கமாட்டார்கள். ஆனால் அந்த சைக்கிள் திரும்பி வரவில்லை, கடன் தீர ஆறு வருடம் ஆனது, என் அக்கா பத்தாவதோடு நின்றுபோனார். மன்னிப்பும் ஆறுதலும் எந்த நேரத்தில் கேட்டாலும் கிடைக்கும், புத்தி மட்டும் நேரத்தோடு கேட்டால்தான் பயன்படும். ஞானம் பதில் சொல்லாது என்று அங்கே எழுதியிருப்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். ஏலம் முடிந்த வீட்டைப் பற்றி ஞானத்துக்குச் சொல்ல என்ன இருக்கிறது? அதே அதிகாரத்தில் அவர்கள் தங்கள் வழியின் பலனைப் புசிப்பார்கள் என்றுதான் வரும்.

சீட்டு எழுதிப் பார்த்தீர்களே, அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதில் தெரியாதபோது சீட்டுப் போடலாம், உங்களுக்குப் பதில் தெரியும். அம்மா சொன்னார். மனைவி சொன்னார். அடகுக் கடையில் கிடக்கிற தங்கச்சி நகை சொல்கிறது. ஜெபத்துக்குப் பதில் வானத்திலிருந்து வரும் என்று காத்திருக்கிறீர்கள், அது உங்கள் சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறது.

மாப்பிள்ளை உங்களிடம் 'இயேசுவே நமக்குப் பிணையாளியானார், நீங்க எனக்கு ஆகக்கூடாதா' என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பைபிளில் எபிரெயர் நிருபத்தில் அந்த வார்த்தை இருப்பது உண்மைதான். ஆனால் அவர் என்ன விலை என்று தெரிந்தே நின்றார், தன்னையே கொடுத்தார், தன் தாயின் வீட்டைக் கொடுக்கவில்லை. ஆதியாகமத்தில் தம்பி பென்யமீனுக்காக யூதா பிணைப்பட்டபோதும் அப்படித்தான், தம்பிக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று கடைசியில் தானே முன்னால் போய் நின்றான். 45 லட்சத்தையும் நானே கட்டிவிடுவேன், கட்ட என்னிடம் இருக்கிறது, திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்று உங்களால் சொல்ல முடிந்தால் தாராளமாகப் போடுங்கள். முடியாது என்றால் அது விசுவாசக் குறைவு ஆகாது. கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானா என்று கேட்டவரும் இயேசுதான்.

இனி என்ன செய்யலாம்

என் ஆலோசனை, கையெழுத்துப் போடாதீர்கள். அதை மாப்பிள்ளையிடம் போனில் சொல்ல வேண்டாம், 19-ஆம் தேதி ராத்திரி சொல்லவும் வேண்டாம். இந்த வாரமே மனைவியைக் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள், தங்கச்சியும் பக்கத்தில் இருக்கட்டும். காரணத்தை அம்மா மேலோ மனைவி மேலோ போடாமல், 'என்னால கட்ட முடியாத தொகைக்கு நான் நிக்க முடியாது மாப்பிள்ள' என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். கோபம் வரும். கொஞ்ச நாள் பேச்சுவார்த்தை இல்லாமல்கூடப் போகலாம். தங்கச்சிக்கு இந்த வீட்டில் பங்கு இருக்கிறது என்பதையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள், அண்ணன் வீட்டுச் சொத்தைப் பிடித்துக்கொண்டு உதவ மறுக்கிறான் என்ற எண்ணம் அவர் மனதில் ஏறக்கூடாது.

வெறுங்கையோடு போகவேண்டியதும் இல்லை. திரும்பி வராவிட்டாலும் தூக்கம் கெடாத ஒரு தொகை உங்களிடம் இருந்தால், அந்த அடகு நகையை மீட்டு தங்கச்சி கையில் கொடுங்கள். அப்புறம், சிறு தொழில்களுக்குச் சொத்து அடமானமும் மூன்றாம் நபர் ஜாமீனும் இல்லாமல் வங்கி கடன் கொடுக்க சி.ஜி.டி.எம்.எஸ்.இ. என்ற உத்தரவாதத் திட்டம் இருக்கிறது. மாப்பிள்ளை அதில் விண்ணப்பிக்க முடியுமா என்று வங்கியில் எழுத்தில் கேட்கட்டும். அந்தத் திட்டத்திலேயே வங்கி தயங்கினால், ஏன் தயங்குகிறது என்று நீங்கள் எல்லோரும் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

இதையெல்லாம் மீறிப் போடுவது என்று முடிவெடுத்தால், எனக்கு மனமில்லாவிட்டாலும் சொல்கிறேன்: வீட்டைக் கொடுக்காதீர்கள், ஜாமீன் தொகைக்கு ஒரு உச்சவரம்பை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள், வெற்றுத் தாளில் ஒரு கையெழுத்துகூட வேண்டாம், போட்ட ஒவ்வொரு தாளுக்கும் நகல் கேளுங்கள். ஏற்கெனவே ஏதாவது தாளில் போட்டிருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். நீதிமொழிகள் ஆறாம் அதிகாரம் அந்த நிலையில் இருப்பவனுக்காகவே எழுதினது மாதிரி இருக்கும்: கண்ணுக்குத் தூக்கம் கொடுக்காதே, போய்க் கெஞ்சு, வேடன் கையிலிருந்து மான் தப்புகிற மாதிரி தப்பு.

இன்றைக்குச் செய்யவேண்டியது ஒன்று. பத்திரம். மாப்பிள்ளை கொண்டு போனது ஜெராக்ஸா மூலப் பத்திரமா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. ஜெராக்ஸ் என்றால் பாதகமில்லை. மூலப் பத்திரம் என்றால் சாயங்காலமே போய் வாங்கிக்கொண்டு வந்து அம்மா பெட்டியில் வையுங்கள். வங்கியில் கொடுத்துவிட்டேன் என்று அவர் சொன்னால், மூலப் பத்திரத்தை அடமானமாக வைக்க நானும் அம்மாவும் சம்மதிக்கவில்லை, திருப்பிக் கொடுங்கள் என்று மேனேஜருக்குக் கைப்பட ஒரு கடிதம் எழுதி, நகலில் தேதியோடு வங்கி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு வில்லங்கச் சான்றும் போட்டுப் பாருங்கள். அதை எனக்கு அனுப்புங்கள், 20-ஆம் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது.